தாங்கிச் சுவரின் வழுவழுப்பும் நாம் ஊற்றும் குளோரீனும்



கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். அரசியல் எதுவும் இல்லை. தண்ணீர்த் தாங்கி பற்றியது.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளிவாசல் ஹவுழின் படியில் யாருக்காவது கால் வழுக்கினால், அல்லது பாடசாலைக் குழாயில் ஒரு மாதிரியான வாடை வந்தால், முதலில் வரும் ஆலோசனை "குளோரீனக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்பதுதான். மோதினார் போடுவார். பாடசாலையில் என்றால் சிற்றூழியர் போடுவார். இரண்டு நாளைக்கு மூக்கைத் துளைக்கும், சின்னப் பிள்ளைகள் கண் எரிகிறது என்பார்கள். மூன்றாம் நாள் வாடை அடங்கிவிடும். சுவரில் விரலை வைத்துப் பார்த்தால் அதே வழுவழுப்பு இருக்கும். அடுத்த கிழமை இன்னொரு கரண்டி கூடும்.

இந்த ஒழுங்கு தலைகீழானது என்பது நமது கருத்து. முதலில் தேய்க்க வேண்டும், பிறகுதான் குளோரீன். சுத்தமாக இருங்கள் என்று எல்லோரும் சொல்லும் பொதுவான புத்திமதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வழுவழுப்புக்குள்ளே எது எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று ஆய்வாளர்கள் கண்ணாடி ஊசியை உள்ளே இறக்கி அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுகள் நமது நிர்வாக சபைக் கூட்டங்கள் வரைக்கும் வந்து சேரவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். பாசி என்று சொல்லிவிடுகிறோம். வெயில் படும் ஹவுழில் பச்சையாக இருப்பது பாசி, சரி. ஆனால் மூடிய தாங்கிக்குள்ளேயும் வெளிச்சமே படாத பைப்புக்குள்ளேயும் நிறமில்லாமலோ மங்கல் பழுப்பாகவோ ஒட்டியிருப்பது பெரும்பாலும் பற்றீரியாக்களின் குடியிருப்பு. தண்ணீரில் தனியாக மிதந்து வரும் பற்றீரியா ஒரு சுவரைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், பெருகும், தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும். அந்தப் பசையில் சீனி வகைச் சங்கிலிகள், புரதம், செத்த கலங்களிலிருந்து வந்த டிஎன்ஏ எல்லாம் இருக்கும். நிறையில் மிகப் பெரும் பகுதி வெறும் தண்ணீர்தான். உயிர்ப்படலம் என்று இதற்குப் பெயர். நமது பல்லில் காலையில் படிந்திருப்பதும் இதுதான். நாள்கணக்கில் போட்டிருக்கும் சிறுநீர்க் குழாயின் உள்ளே படிவதும் இதுதான்.

எல்லா உயிர்ப்படலமும் கெட்டதில்லை. ஆற்றங்கரைக் கல்லில் இருக்கும் படலம் ஆற்றைச் சுத்தமாக்குகிறது. மெதுவாக மணலில் வடிக்கும் பழைய முறை நீர்ச் சுத்திகரிப்பில், மணலின் மேற்பரப்பில் வளரும் இதே வழுவழுப்புத்தான் பாதி வேலையைச் செய்கிறது. குடிக்கும், வாய் கொப்பளிக்கும் தண்ணீரை நாள்கணக்கில் தேக்கி வைக்கும் இடத்தில் அது தடித்து வளர்ந்தால்தான் சிக்கல். சூடோமோனாசு, லெஜியோனெல்லா போன்றவை அங்கே வந்து தங்கும். பலமான ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. சீனி வருத்தம் உள்ள வாப்பாவுக்கு, புற்றுநோய்க்கு மருந்தேற்றும் ராத்தாவுக்கு, கைக்குழந்தைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சரி, இந்தப் படலத்துக்குள்ளே சாப்பாடும் ஒட்சிசனும் எப்படிப் போகின்றன? குளோரீனும் அதே வழியால்தான் போக வேண்டும். அந்த வழிக்குப் பெயர் பரவல்.

பரவலை நாம் சாதாரண தரத்தில் படிப்பிக்கிறோம். முகவையில் தண்ணீர் வைத்து ஒரு கொண்டிஸ் துண்டைப் போட்டால் ஊதா நிறம் மெல்ல மெல்லப் படரும். "செறிவு கூடிய இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு" என்று பிள்ளை எழுதும், புள்ளி கிடைக்கும், பாடம் முடியும். அந்த வரைவிலக்கணத்தில் நேரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1855 இல் அடோல்ஃப் ஃபிக் பரவலைச் சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து வரும் விடயம் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண்ணை விரிப்பார்கள்: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. நடந்து போகும் ஆளுக்கு இது பொருந்தாது. திசை தெரியாமல் அங்கும் இங்கும் முட்டி மோதிப் போகும் மூலக்கூறுக்குப் பொருந்தும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தாங்கிக்குத் திரும்பி வரும்போது தேவைப்படும்.

இந்தப் பிரச்சினையை முதலில் கண்டவர் யார் தெரியுமா? ஒல்லாந்தில் துணி வியாபாரம் செய்த அன்டனி வான் லீவன்ஹூக். தானே தேய்த்துச் செய்த வில்லையால் தன் பல்லில் இருந்த அழுக்கை 1683 இல் பார்த்து, அதற்குள்ளே சின்னச் சின்ன உயிர்கள் ஓடுவதாக லண்டன் ரோயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பல்லை வினாகிரியால் கொப்பளித்தும் பார்த்தார். வினாகிரி அழுக்கின் வெளிப்பக்கத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே முழுவதும் ஊடுருவவில்லை என்று எழுதி வைத்தார். பற்றீரியா என்ற சொல் பிறப்பதற்கே நூற்றைம்பது வருடம் இருந்த காலம் அது. நாம் இன்றைக்குக் குளோரீனோடு படும் பாட்டை அந்த மனிதர் அன்றைக்கே வினாகிரியோடு பட்டிருக்கிறார்.

அவர் கண்டார், அளக்க வழி இருக்கவில்லை. அளப்பது லேசான காரியமும் இல்லை. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 50 முதல் 100 மைக்கிரோமீற்றர். பல உயிர்ப்படலங்கள் அதே தடிப்புத்தான், சில இன்னும் தடிப்பு. அதற்குள்ளே மேலே எவ்வளவு ஒட்சிசன், நடுவில் எவ்வளவு, அடியில் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனி சில மைக்கிரோமீற்றருக்கு வரும்படி மெலிதாக்கி, அதற்குள்ளே மின்வாயை வைத்தார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக் ஒட்சிசனுக்கு இப்படியான நுண் மின்வாய்களைச் செய்து செம்மைப்படுத்தினார். திருகாணியால் கொஞ்சம் கொஞ்சமாகப் படலத்துக்குள் இறக்குவார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாசிப்பு. கிணற்றுக்குள் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது மாதிரி, மயிர்க் கனத்துக் கிணறு. வேறு முறைகளும் இருக்கின்றன. படலத்தை வடிதாளில் வளர்த்து, இரண்டு அறைகளுக்கு நடுவே வைத்து, ஒரு பக்கம் சீனிக் கரைசலை விட்டு மறுபக்கம் எப்போது எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். ஒளிரும் சாயத்தை விட்டு நுணுக்குக்காட்டியால் தொடரலாம். ஊசியோ சாயமோ இல்லாமல், ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ இயந்திரத்தின் அதே காந்தத் தத்துவத்தை வைத்து, படலத்துக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்றும் அளக்கலாம்.

இந்த அளவுகள் பலவற்றை அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஸ்டூவர்ட் 2003 இல் ஒரு கட்டுரையில் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். வெறும் தண்ணீரில் பரவும் வேகத்தை 100 என்று எடுத்தால், உயிர்ப்படலத்தில் ஒட்சிசன் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு ஏறக்குறைய 60, குளுக்கோசு போன்றவற்றுக்கு ஏறக்குறைய 25. தண்ணீரோ தன் வழமையான வேகத்தைவிடச் சற்றே மெதுவாகத்தான் அசைகிறது.

நமக்கு இது எதிர்பாராத விடை. அந்தப் பசை ஒரு மதில் மாதிரி எல்லாவற்றையும் மறித்து நிற்கும் என்றுதான் எவரும் நினைப்போம். மதில் இல்லை. ஈரமான பஞ்சு என்று சொல்லலாம். இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், 100 மைக்கிரோமீற்றர் படலத்தின் அடிக்கு ஒட்சிசன் பத்து செக்கன் அளவில் போய்விட வேண்டும், குளுக்கோசு ஒரு நிமிடத்தில். படலம் ஒரு மில்லிமீற்றர் தடித்தால் தூரம் பத்து மடங்கு, ஆகவே நேரம் நூறு மடங்கு: ஒட்சிசனுக்குக் கால் மணித்தியாலம், குளுக்கோசுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலே. வாரக்கணக்கில் தேய்க்காத தாங்கிக்கும் நேற்றுத் தேய்த்த தாங்கிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது.

ஆனாலும் ஒன்றரை மணித்தியாலம் பெரிய நேரமா? இரவு குளோரீன் போட்டால் காலைக்குள் அடிவரை போய்விட வேண்டுமே?

அதையும் அளந்தார்கள். டிர்க் டி பியர், ஸ்டூவர்ட் ஆகியோர் சேர்ந்த குழு 1994 இல் குளோரீனுக்கென்றே நுண் மின்வாய் செய்து, சூடோமோனாசும் கிளெப்சியெல்லாவும் கலந்த படலத்துக்குள் இறக்கியது. வெளியே தண்ணீரில் இருந்த குளோரீனில் உள்ளே இருந்தது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஒன்று இரண்டு மணித்தியாலம் வைத்தும் உள்ளேயும் வெளியேயும் சமப்படவில்லை.

வழி திறந்திருக்கும்போது ஏன் போய்ச் சேரவில்லை? நோன்புக் காலத்தில் அஸருக்குப் பிறகு பள்ளியில் கஞ்சி கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். வாசலை யாரும் பூட்டவில்லை. கிடாரம் வெளியே வருகிறது. முன்னுக்கு நிற்பவர்கள் வாளி வாளியாக வாங்கிவிடுகிறார்கள். பின்னுக்கு நிற்கும் பிள்ளை பாத்திரத்தோடு வந்து பாத்திரத்தோடே போகிறது. குளோரீனுக்கு நடப்பதும் அதுதான். அது எதைத் தொட்டாலும் தாக்கும், தாக்கினால் தானும் தீர்ந்துவிடும். மேலே இருக்கும் பசையோடும் செத்த கலங்களோடும் முட்டி முட்டியே முடிந்துவிடுகிறது. ஒரு கரண்டி கூட்டினால் வரிசையில் இன்னும் நாலு பேருக்குக் கிடைக்கும். கடைசி ஆளுக்கு அப்போதும் இல்லை. ஹவுழ் திறந்திருந்தால் மீதியை வெயில் தின்றுவிடும். அடியில் தப்பியவை இரண்டு நாளில் மறுபடி பெருகும், மேலே செத்துக் கிடப்பவை அவற்றுக்குத் தீனி. நாம் காசு கொடுத்து வாங்கிய குளோரீன் பூச்சிக்குப் போகாமல் பசைக்குப் போனது.

மருந்து விடயத்திலும் இதே கதை இன்னொரு முகத்தோடு வருகிறது. நமது ஊரில் சிறுநீர்க் குழாய் போட்ட வயோதிபர்கள் பல வீடுகளில் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம்.

2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் கிளெப்சியெல்லாப் படலத்தின் ஒரு பக்கம் அம்பிசிலினை வைத்தார்கள். மறுபக்கம் வரவே இல்லை, ஏனென்றால் அந்தப் பற்றீரியா அம்பிசிலினை உடைக்கும் நொதியத்தைச் சுரந்து வழியிலேயே அழித்தது. சிப்ரோஃப்ளொக்சசின் தடையின்றிப் போனது. இதோடு நிறுத்தியிருந்தால் "மருந்து போய்ச் சேரவில்லை" என்று முடிவெடுத்திருப்பார்கள். நொதியம் சுரக்காத ஒரு வகையை எடுத்துத் திரும்பவும் பார்த்தார்கள். இந்த முறை அம்பிசிலின் நன்றாக ஊடுருவியது. அப்படியும் படலத்துக்குள் இருந்தவை எளிதில் சாகவில்லை.

காரணம் பசியில் இருக்கிறது. 2003 இல் இன்னோர் ஆய்வில் 210 மைக்கிரோமீற்றர் அளவு தடித்த சூடோமோனாசுப் படலத்தில் ஒட்சிசன் 50 முதல் 90 மைக்கிரோமீற்றர் வரைதான் இறங்கியது. மேலே இருப்பவை மூச்சுவிட்டே ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே இருப்பவை சாகவும் இல்லை, வளரவும் இல்லை, ஏறக்குறைய தூங்குகின்றன. பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் பற்றீரியாவைத்தான் நன்றாகத் தாக்கும், தூங்குவதைத் தொட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே குழாயில் கிருமி பிடித்தால் டொக்டர் குழாயையே மாற்றச் சொல்வது வியாபாரத்துக்காக இல்லை. பார்மசியில் போய், "சென்ற முறை தந்த அதே குளிசையில ரெண்டு தாங்க" என்று கேட்டு வாங்கிக் கொடுத்துக் குழாயை அப்படியே வைத்திருப்பதை, காக்காமார் தயவுசெய்து நிறுத்துங்கள். மேலே இருப்பது கொஞ்சம் சாகும், காய்ச்சல் இறங்கும், அடியில் தூங்கியது எழும்பும்.

பல்லும் அப்படியே. கொப்பளிக்கும் மருந்து மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். மிஸ்வாக்கும் தேய்க்கிறது, பிரஷும் தேய்க்கிறது. (இதை வைத்து "மிஸ்வாக்கில் மறைந்திருந்த விஞ்ஞானம்" என்று யாரும் வீடியோ போட வேண்டாம். சுன்னத்துக்குச் சாட்சி சொல்ல மொன்டானாவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.)

இனி ஊரில் கேட்கும் மறுப்புகளுக்கு வருவோம்.

"ஹவுழ் ரெண்டு குல்லத்துக்கு மேல, நிறம் மணம் சுவை மாறல்ல, தண்ணி தாஹிர்தானே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வுழூ கூடும், அதில் நமக்குப் பேச்சே இல்லை, அது ஆலிம்கள் சொல்ல வேண்டியது. நாம் கேட்பது வேறு: அதே தண்ணீரை வாயிலும் மூக்கிலும் விடுகிறோம். தொழுகை கூடுவதற்கான நிபந்தனையும் நோய் வராமல் இருப்பதற்கான நிபந்தனையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"தண்ணீர் டெஸ்ட் பண்ணினோம், ரிப்போர்ட் நல்லம்" என்பது அடுத்தது. போத்தலில் எடுத்துப் போனது நடுவில் ஓடும் தண்ணீர். சுவரில் ஒட்டியிருப்பது போத்தலுக்குள் வராது. அது ஒரு நாளைக்குத் துண்டு துண்டாகக் கழன்று குழாயில் வரும், அன்றைக்கு யாரும் போத்தல் வைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை, நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

மூன்றாவது கூட்டம் குளோரீனே விஷம், போடவே கூடாது என்கிறது. வாட்ஸ்அப்பில் இது நன்றாக ஓடுகிறது. நாம் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டோம். சரியான அளவில் குளோரீன் இல்லாத காலத்தில் கொலராவும் நெருப்புக் காய்ச்சலும் ஊரை எப்படித் தின்றன என்பது மூத்தம்மாமாருக்குத் தெரியும். முப்பது நிமிடம் கழித்தும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரீன் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. "மிஞ்சியிருக்க" என்ற சொல்லைக் கவனியுங்கள். எவ்வளவு போட்டோம் என்பதில் கணக்கு முடியவில்லை, எவ்வளவு மிஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும். வழுவழுப்புச் சுவர் உள்ள தாங்கியில் எவ்வளவு போட்டாலும் மிஞ்சுவது குறைவு. தேய்த்த தாங்கியில் கொஞ்சம் போட்டாலே மிஞ்சும். குளோரீன் வாடை பிடிக்காதவர்கள்தான் தேய்ப்பதற்கு முதலில் வர வேண்டும், ஏனென்றால் தேய்த்தால் குறைவாகப் போடலாம்.

செய்ய வேண்டியது இதுதான். தண்ணீரை முழுவதும் இறக்குங்கள். சுவர், அடி, மூடியின் உட்பக்கம், பைப் தொடங்கும் வாய், மிதவை வால்வு எல்லாவற்றையும் தும்புத்தடியாலோ கடினமான பிரஷாலோ தேயுங்கள். மூலைகளை விடாதீர்கள், அங்கேதான் தடித்திருக்கும். கழுவிய அழுக்குத் தண்ணீரைக் குழாய்களுக்குள் விடாமல் வெளியேற்றுங்கள். பிறகு கடுமையான குளோரீன் கரைசலை நிரப்பி ஒரு நாள் வைத்து, குழாய்கள் வழியாகத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். எத்தனை லீற்றருக்கு எத்தனை கிராம் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டாம். தூளின் வலு ஒவ்வொன்றிலும் வேறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பையைக் காட்டிக் கேளுங்கள், சொல்லித் தருவார்கள், மிஞ்சிய குளோரீனை அளந்தும் தருவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. கழிப்பறை கழுவும் அமிலத்தையும் குளோரீனையும் ஒரே நேரத்தில் பாவிக்கவே கூடாது, நச்சு வாயு வரும். மூடிய நிலக்கீழ்த் தாங்கிக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, மேலே ஆட்கள் நிற்க, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

நிர்வாக சபைகளிடமும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களிடமும் ஒரு கோரிக்கை. வருடக் கணக்கறிக்கையில் "குளோரீன்" என்று ஒரு செலவு வரி இருக்கிறது. "தாங்கி தேய்த்தல்" என்று ஒரு வரியும் வரட்டும், வருடத்துக்கு இரண்டு முறையாவது. ஒவ்வொரு தாங்கியின் பக்கத்திலும் கடைசியாகத் தேய்த்த திகதியைப் பெயின்றால் எழுதுங்கள். கதவுக்கு மேலே நன்கொடையாளர் பெயர் எழுத இடம் இருக்கிறதே, இதற்கும் ஒரு சாண் இடம் கிடைக்கும்.

இன்ஷா அல்லாஹ் வரும் சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு பாடசாலையின் மேல்தாங்கியில் தொடங்குகிறோம். வெள்ளி இரவே தண்ணீரை இறக்கிவிடுவோம். நான்கு ஐந்து பெரியவர்கள் போதும். வீட்டில் தும்புத்தடி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், இறப்பர்ச் செருப்பைப் போட்டு வாருங்கள், உள்ளே வழுக்கும்.